பறக்கப் பயந்த பறவை



ரேடியோவில் பாட்டு போடும் முன்னால் பாடியவர், இசையமைத்தவர், எழுதியவர் என்று பெயர்களைச் சொல்வார்கள். நாம பாடியவர் பெயரை மட்டும் பிடிச்சு வச்சுக்குவோம். எழுதியவர் பெயர் காத்தோட போயிடும். அப்படிக் காத்தோட போன ஒருத்தரைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவர் பெயர் ஜீன் கிளார்க். அமெரிக்கா நாட்டுக்காரர்.

1944-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி மிசௌரி மாநிலத்தில் டிப்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள்! ஒன்பது வயதில் அப்பாவிடமே கிட்டாரும் மவுத் ஆர்கனும் கற்றுக்கொண்டார். 1963-இல், 18 வயதில், நியூ கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் என்ற பெரிய நாட்டுப்புறப் பாடல் குழுவில் இடம் கிடைத்தது. ஆனால் பீட்டில்ஸ் பாட்டைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் போனார்.

அங்கே 1964-இல் மெக்குயின், கிராஸ்பி இருவரோடு சேர்ந்து தொடங்கிய குழுதான் பிறகு தி பேர்ட்ஸ் ஆனது. ஆங்கிலத்தில் பறவைகள் என்ற சொல்லில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி வைத்த பெயர் அது. 1965-இல் பாப் டிலன் எழுதிய மிஸ்டர் டாம்பரின் மேன் என்ற பாட்டைப் பாடி அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தார்கள்.

குழுவின் சொந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவற்றை ஆரம்பத்தில் எழுதியவர் ஜீன் கிளார்க்தான். அதனால் அவருக்கு மற்றவர்களைவிடப் பணம் கூட வந்தது. பணம் வந்தால் பொறாமை வராமல் இருக்குமா? கூட இருந்தவர்களுக்கு மனக்கசப்பு வந்தது. அதற்கு முன்னாலேயே கிட்டார் வாசிக்கும் வேலை கிராஸ்பிக்குப் போயிருந்தது. மேடையில் இவர் கையில் மிஞ்சியது டாம்பரின் என்ற சலங்கை வளையம்தான்.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அவருக்கு விமானம் என்றால் பயம். 1966 தொடக்கத்தில் நியூயார்க் போக ஏறிய விமானத்திலிருந்து, அது கிளம்பும் முன்பே நடுங்கிப்போய் இறங்கிவிட்டார். அதோடு குழுவை விட்டும் விலகினார். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். விமானத்தில் லண்டன் போனதை வைத்து அவரும் நண்பர்களும் சேர்ந்து எழுதிய எய்ட் மைல்ஸ் ஹை என்ற பாட்டு அதே 1966-இல்தான் வெளிவந்தது. நம் நாட்டு சிதார் மேதை ரவிசங்கரின் இசையைப் பஸ்ஸில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனவர்கள் அவர்கள். அந்தச் சாயல் அந்தப் பாட்டில் உண்டு.

1967 பிப்ரவரியில் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வந்தது. அதே மாதம் பழைய குழுவின் தட்டும் வந்தது. இரண்டையும் வெளியிட்டது ஒரே கம்பெனி! இவருடையது எடுபடவில்லை. 1968-இல் பேஞ்சோ வாசிக்கும் டக் டில்லார்டோடு சேர்ந்து, அமெரிக்கக் கிராமத்து இசையான கன்ட்ரியையும் ராக்கையும் கலந்து பாடினார். கன்ட்ரி ராக் என்ற வகைக்கு வழி போட்டவர்களில் இவரும் ஒருவர். அந்தக் குழுவில் இருந்த பெர்னி லீடன் பிறகு ஈகிள்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு பாட்டு 1972-இல் ஈகிள்ஸின் முதல் தட்டில் இடம்பெற்றது. ஈகிள்ஸ் உலகப் புகழ் பெற்றது. எழுதியவரை யாரும் தேடவில்லை.

1974-இல் ஒரு லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்து நோ அதர் என்ற தட்டை உருவாக்கினார். எட்டே பாட்டுகள். அதுவும் விற்கவில்லை. மனசு ஒடிந்துபோனார். குடியும் போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டன. 1989-இல் டாம் பெட்டி என்ற புகழ்பெற்ற பாடகர் இவருடைய பழைய பாட்டு ஒன்றைப் பாடினார். பணம் வந்தது. அந்தப் பணமே அவரைத் திரும்பவும் குடிக்கு இழுத்துவிட்டது.

1991 ஜனவரியில் பேர்ட்ஸ் குழுவுக்கு ராக் இசையின் பெரிய கௌரவம் கிடைத்தது. பிரிந்திருந்த ஐந்து பேரும் ஒரே மேடையில் நின்றார்கள். அதே ஆண்டு மே 24-ஆம் தேதி ஜீன் கிளார்க் இறந்துபோனார். வயது 46தான். பிறந்த ஊரான டிப்டனிலேயே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் நோ அதர் என்று பொறித்திருக்கிறது. இவரைப் போல் வேறொருவர் இல்லை என்று அர்த்தம் சொல்லலாம்.

பிறகு என்ன ஆச்சு தெரியுமா? 2007-இல் ராபர்ட் பிளான்ட், அலிசன் கிராஸ் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தட்டில் இவருடைய பாட்டு இரண்டு இருந்தது. அந்தத் தட்டுக்கு 2009-இல் கிராமி விருது கிடைத்தது. விற்காமல் கிடந்த நோ அதர் 2019-இல் புதிதாக வெளிவந்து பாராட்டு வாங்கியது. கேட்க அவர்தான் இல்லை.

அவருக்கு இருந்த பயம் குற்றம் இல்லை. பயம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் துக்கத்துக்கு மருந்து குடி இல்லை. அது இருக்கிற நாளையும் குறைத்துவிடும். அதேபோல, நல்லா செய்தவங்களை அவங்க உயிரோடு இருக்கும்போதே பாராட்டணும். இனிமேல் ரேடியோவில் பாட்டு வரும்போது எழுதியவர் பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள் தோழிகளே!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி