ராபர்ட் ஓவன்

வேல்ஸ் தேசத்து நியூடவுனில் 1771ஆம் ஆண்டு பிறந்த ராபர்ட் ஓவன், இளமையிலேயே கடைச் சிப்பந்தியாய்ப் பிழைக்கப் புறப்பட்டவர். 1800ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தின் கிளைடு நதிக்கரையிலுள்ள நியூ லானார்க் பஞ்சாலைகளின் நிர்வாகத்தை அவர் ஏற்றபோது, தொழிலாளர் அவரை அயலானென்றும் தம்மைக் கசக்கிப் பிழிய வந்தவரென்றும் ஐயுற்றுச் சில ஆண்டுகள் எதிர்த்து நின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. முதலாளிமாரின் இன்சொல்லை நம்பிக் கெட்டவர் அக்காலத்தில் அநேகர்.

பின்னர் அமெரிக்கா பருத்தி ஏற்றுமதியைத் தடை செய்யவே, பஞ்சின் விலை மிக ஏறிற்று. பிற ஆலைகளில் வேலையாட்கள் நீக்கப்பட்டனர். ஓவனோ நான்கு மாதம் ஆலைகளை நிறுத்தி, யந்திரங்களைத் துடைத்துப் பேணுவதே வேலையென விதித்து, எவர் கூலியிலும் ஒரு காசு குறையாமற் கொடுத்துவந்தார். அவ்வகையிற் செலவானது 7,000 பவுனுக்கு மேல். அதன்பின்னரே அவர்கள் மனம் இளகிற்று.

ஒவ்வொருவர் அருகிலும் நால்வகை வர்ணந் தீட்டிய மரக்கட்டையொன்றைத் தொங்கவிட்டு, முந்தின நாளின் நடக்கையை அதனாற் காட்டுவித்தார். கறுப்பு கீழானது, வெள்ளை மேலானது. இது நமக்குச் சிறிது கூச்சந் தருவதே. எனினும், மேற்பார்வையாளன் காட்டிய நிறம் தகாதென எண்ணுவோர் ஓவனிடமே நேரில் முறையிடலாம்.

அவர் செலவைக் கூட்டாளிகள் பொறுத்தாரில்லை. 1813ஆம் ஆண்டு ஆலைகள் ஏலத்திற்கு வந்தன. புதிய கூட்டாளிகளுடன் அவற்றை வாங்கி மீண்ட ஓவனின் வண்டியிலிருந்து தொழிலாளர் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாமே அதனை இழுத்துச் சென்றனர்.