எந்தப் பொறிக்கும் அடிக்கும் மணி

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டியை நிறுத்திட்டு ரிமோட்டை அமுக்குறீங்க. ‘கீக் கீக்’னு சத்தம், இண்டிகேட்டர் மின்னுது, நீங்க டீக்கடைக்குப் போயிடுறீங்க. தூரத்தில் இருந்தே கம்பியில்லாமல் ஒரு மணியை அடிக்க வைப்பது நமக்கு அவ்வளவு சாதாரணம். 1895-இல் கல்கத்தாவில் ஊரைக் கூட்டி அதைச் செய்து காட்டியவர் ஜகதீஷ் சந்திர போஸ். ‘செடிக்கும் உணர்வு உண்டு’ என்று ஸ்கூல்ல ஒரே வரியில் நாம் தாண்டிப் போன அதே போஸ்தான்.

1858 நவம்பர் 30-இல், இன்றைய வங்கதேசத்தின் மைமன்சிங்கில் பிறந்தார். அப்பா பகவான் சந்திரர் அரசாங்க அதிகாரி. ஆனாலும் மகனை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பாமல் வங்காளப் பள்ளியில் சேர்த்தார், ஒரு மீனவர் மகனுக்குப் பக்கத்தில். (எல்கேஜியில் இருந்தே இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச எனக்கு இதில் கொஞ்சம் பொறாமை உண்டு.)

கேம்பிரிட்ஜ் படிப்பு முடிந்து 1885-இல் பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியரானார். அங்கேதான் பிரச்சினை. வெள்ளைக்காரப் பேராசிரியர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போஸ் வேலை தற்காலிகம் என்று சொல்லி அதிலும் பாதி. அவர் ராஜினாமா செய்யவில்லை, வகுப்புக்குப் போகாமலும் இல்லை. தினமும் பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாசம் இல்லைங்க, மூணு வருஷம்! அதுவும் அப்பாவுக்குக் கடன் இருந்த நேரத்தில். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் பாக்கியோடு கொடுத்தது. பிளேஸ்மென்ட் சீசனில் சிடிசி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நாம் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்கணும்.

லேப் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சின்ன அறையில், உள்ளூர்த் தொழிலாளி ஒருவருக்குச் சொல்லிக்கொடுத்துக் கருவிகளைச் செய்ய வைத்தார். அவர் உருவாக்கிய அலைகளின் நீளம் மில்லிமீட்டர் கணக்கில், சில 60 கிகாஹெர்ட்ஸ் வரை. அந்த அலை சுவரைத் தாண்டிப் போய் மணியை அடித்தது, வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. லாஜிக் எளிமையானது: அலை பட்டதும் டிடெக்டரில் உலோகத் தொடர்புகளின் மின்தடை சட்டென்று குறையும், கரண்ட் பாயும், மணி அடிக்கும்.

ஆனால் அந்த மாதிரி மணிக்கு ஆள் அடையாளம் தெரியாது. எந்தப் பொறி வந்தாலும் அடிக்கும். அதே 1895-இல் ரஷ்யாவில் போபோவ் இந்தக் குணத்தையே பயன்படுத்தி மின்னலைக் கண்டுபிடிக்கும் கருவி செய்தார். திருச்சுழிப் பக்கம் அதை வைத்திருந்தால் வருஷத்தில் பாதி நாள் சும்மா இருந்துவிட்டு, ஐப்பசியில் ஓயாமல் அடித்திருக்கும்.

‘யார் கூப்பிடுறது?’ என்று கேட்கும் மணிதான் உங்க வண்டியில் இருப்பது. 1903-இல் டெஸ்லா வாங்கிய பேட்டன்டில், இரண்டு அலைவரிசைகள் சேர்ந்து வந்தால்தான் ரிசீவர் அசையும். பிறகு பைனரி கோடு வந்தது. 12 சுவிட்ச் என்றால் 4096 வாய்ப்புகள்தான், அதுவும் ஒருமுறை பதிவு செய்து திருப்பி அனுப்பினால் பூட்டு திறந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு அமுக்குக்கும் மாறும் ரோலிங் கோடு. பழைய கோடைத் திரும்ப அனுப்பினால் ரிசீவர் கண்டுக்காது.

போஸ் பூட்டுப் போடுகிற ஆளே இல்லை. தன் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது என்று எல்லாருக்கும் சொன்னார். 1901-இல் லண்டனில் ஒரு தந்தி நிறுவனக்காரர் பேட்டன்ட் விண்ணப்பத்தோடு வந்தபோது மறுத்துவிட்டார். நண்பர்கள் வற்புறுத்தி எடுக்க வைத்த அமெரிக்க பேட்டன்ட் 1904-இல் கிடைத்தது, அதை வைத்து அவர் காசு பார்க்கவில்லை. அந்தப் பணத்தில் இன்னும் எத்தனை லேப் கட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோணும். அவருக்குத் தோணவில்லை. 1917-இல் போஸ் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கியபோது, அங்கே எந்தக் கண்டுபிடிப்புக்கும் பேட்டன்ட் எடுக்க மாட்டோம் என்று முதல் நாளே அறிவித்தார்.

1937 நவம்பர் 23-இல் கிரிடியில் இறந்தார். அவருடைய கருவிகள் கொல்கத்தாவில் அந்த இன்ஸ்டிடியூட் மியூசியத்தில் இருக்கு. இன்டர்வியூவுக்கு அந்தப் பக்கம் போனா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க.