ஒரே மாசத்தில் 2 தேசியக் கோப்பை, அடுத்த வருஷமே கைது: கோச் நாட் ஹோல்மனுக்கு என்ன நடந்தது?

1951 பிப்ரவரி 17, சனிக்கிழமை இரவு. ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தை ஜெயித்த கையோடு நியூயார்க் சிட்டி காலேஜ் பேஸ்கட்பால் டீம் ஊருக்கு ரயில் ஏறியது. பசங்க நல்ல மூடில் இருந்தார்கள். வழியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்து ஆட்கள் ரயிலில் ஏறி, முதலில் கோச்சைத் தனியாகப் பார்த்துப் பேசினார்கள். நியூயார்க் வந்ததும் அவருடைய 3 முக்கிய வீரர்களை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். எட் வார்னர், எட் ரோமன், அல் ராத். விடிவதற்குள் அவர்கள் மேல் லஞ்ச வழக்கு பதிவாகிவிட்டது.

11 மாதங்களுக்கு முன்னால் இதே பசங்கதான் அமெரிக்கக் கல்லூரி பேஸ்கட்பாலின் 2 பெரிய கோப்பைகளையும் ஒரே சீசனில் தூக்கினார்கள். அதற்கு முன்னும் யாரும் செய்ததில்லை, இன்றுவரையும் யாரும் செய்யவில்லை. அந்த கோச்சின் பெயர் நாட் ஹோல்மன். அப்போது அவருக்கு வயது 54. அமெரிக்கப் பத்திரிகைகள் அவரை மிஸ்டர் பேஸ்கட்பால் என்றே எழுதிக்கொண்டிருந்த காலம்.

யார் இந்த ஹோல்மன்?

1896-ல் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம், வீடு நிறைய பிள்ளைகள். அன்றைக்கு அந்தப் பகுதி உலகத்திலேயே ஜன நெருக்கடி மிகுந்த இடங்களில் ஒன்று. பேஸ்பால் ஆட மைதானம் வேண்டும், அது அங்கே கிடையாது. பேஸ்கட்பாலுக்கு ஒரு சின்ன ஹாலும் ஒரு வளையமும் போதும். புலம்பெயர்ந்தவர்களுக்காக நடத்தப்பட்ட சமூக மையங்களிலும் பூங்காக்களிலும்தான் ஹோல்மன் ஆட்டம் கற்றார். 1891-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு விளையாட்டு, அதற்குள் அந்தத் தெருக்களின் சொந்த விளையாட்டாக மாறியிருந்தது.

சாவேஜ் உடற்கல்விப் பள்ளியில் படித்தார், பிறகு சிட்டி காலேஜில் வேலைக்குச் சேர்ந்தார். 1919-ல் கல்லூரி பேஸ்கட்பால் டீமுக்குத் தலைமை கோச். வயது 23. இதில் ஒரு விசேஷம் உண்டு. வாரநாளில் கோச், வார இறுதியில் அவரே காசுக்கு ஆடும் புரொஃபெஷனல் வீரர். இன்றைக்கு அப்படி ஒரு வேலையை எந்த ஹெச்.ஆரும் ஒத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

1921-ல் ஒரிஜினல் செல்டிக்ஸ் டீமில் சேர்ந்தார். (இன்றைய பாஸ்டன் செல்டிக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது நியூயார்க் டீம்.) அந்தக் கால புரொஃபெஷனல் ஆட்டத்தைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்க. பல ஊர்களில் கோர்ட்டைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு கட்டியிருப்பார்கள். கூண்டில் மோதி ரத்தம் வருவது சாதாரணம். ஒரு டீம் மொத்தமாக 30 பாயிண்ட் எடுத்தாலே பெரிய ஸ்கோர். செல்டிக்ஸ் ஊர் ஊராகப் போய் வருஷத்துக்கு 100-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஜெயித்தது. அமெரிக்கன் பேஸ்கட்பால் லீகில் சேர்ந்து 1927, 1928 இரண்டு வருஷமும் சாம்பியன். இவங்க இருந்தா லீகே சப்புன்னு ஆயிடுதுன்னு கடைசியில் டீமைக் கலைத்து, வீரர்களை மற்ற டீம்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்!

அந்த டீமில் ஹோல்மனின் வேலை பந்தைக் கொண்டுபோவது, பாஸ் கொடுப்பது, எதிராளியை ஏமாற்றுவது. உயரம் 6 அடிக்கும் குறைவு. உடம்பை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் போவதில் கெட்டிக்காரர். இதையெல்லாம் வெறும் திறமை என்று விட்டுவிடாமல் பாடமாக்கியதுதான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட இடம். 1922-லேயே பேஸ்கட்பாலை ஒரு சயின்ஸாக விளக்கிப் புத்தகம் எழுதிவிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்த ஆட்டம்

சிட்டி காலேஜ் சாதாரண கல்லூரி இல்லை. 1847-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிப்பு தர ஆரம்பிக்கப்பட்டது. ஃபீஸ் கிடையாது, ஆனால் மார்க் வேண்டும், அதுவும் நல்ல மார்க். மற்ற பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு மறைமுகமாகக் கதவடைத்த காலத்தில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் குவிந்த இடம் இது. போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் இங்கே படித்தவர். விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே கிடையாது.

எனவே ஹோல்மனுக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் ஏழடி ஆட்கள் வரவில்லை. நியூயார்க் தெருக்களில் ஆடிப் பழகிய, மெட்ரோ பிடித்து வரும் பசங்கதான் கிடைத்தார்கள். அவர்களை வைத்து அவர் உருவாக்கிய ஆட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது. பாஸ் கொடுத்த உடனே ஓடு, காலி இடத்தைத் தேடு, திரும்ப பந்தை வாங்கு. தடுப்பதிலும் அப்படித்தான், ஆளை மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். உயரத்துக்குப் பதில் வேகம், வேகத்துக்கு மேல் மூளை. இந்தப் பள்ளியில் படித்த ரெட் ஹோல்ஸ்மன் பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் கோச்சாகி 1970, 1973 இரண்டு என்.பி.ஏ. பட்டங்களை வாங்கினார். நிக்ஸ் இன்றுவரை கதை பேசும் அந்த டீமின் பாஸிங், ஹோல்மன் வகுப்பிலிருந்து வந்ததுதான்.

மனிதராக அவர் நெருக்கமானவர் அல்ல. சேரிப் பக்கம் பிறந்தவர், ஆனால் உச்சரிப்பு கிட்டத்தட்ட பிரிட்டிஷ் கனவானைப் போல இருக்கும். உடை கச்சிதம். வீரர்களிடம் பெரிதாகப் பேசமாட்டார். ஆளைத் தேடிப் பிடிப்பது, அன்றாடம் அவர்களோடு பழகுவது போன்ற வேலைகளில் பெரும்பகுதியை உதவி கோச் பாபி சாண்ட் பார்த்துக்கொண்டார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1950 மார்ச்

அன்றைக்கு இரண்டு தேசியப் போட்டிகள். என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. இன்றைக்கு என்.சி.ஏ.ஏ.தான் பெரியது, அன்று என்.ஐ.டி.க்கும் அதே மதிப்பு. சிட்டி காலேஜின் முக்கிய வீரர்கள் அனைவரும் யூதர்கள் அல்லது கறுப்பினத்தவர்கள். என்.பி.ஏ.வில் அதுவரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடியதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என்.ஐ.டி. காலிறுதியில் எதிரே கென்டக்கி. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன். கோச் அடால்ஃப் ரப், ஆட்டத்தின் பெரிய பெயர்களில் ஒருவர், டீம் முழுக்க வெள்ளையர்கள். நடுவில் 7 அடி பில் ஸ்பைவி. முடிவு 89-50. ரப்பின் வாழ்க்கையில் அதைவிட மோசமான தோல்வி கிடையாது. இறுதிப் போட்டியில் பிராட்லியை 69-61 என வீழ்த்திக் கோப்பை வாங்கினார்கள். சிறந்த வீரர் எட் வார்னர்.

பத்து நாள் கழித்து, மார்ச் 28. என்.சி.ஏ.ஏ. ஃபைனல், அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன், அதே பிராட்லி. கடைசி விநாடிகளில் சிட்டி காலேஜ் ஒரே பாயிண்ட் முன்னிலை. பிராட்லியின் ஜீன் மெல்கியோரி கூடைக்குக் கீழே பாய்ந்து ஷாட் எடுக்க, இர்வின் டாம்ப்ராட் பந்தைத் தடுத்துப் பிடுங்கி, எதிர்ப்பக்கம் ஓடிய நார்ம் மேகருக்கு நீளமாகப் பாஸ் கொடுத்தார். மேகர் போட்டார். 71-68. மறுநாள் கல்லூரியில் வகுப்பே நடக்கவில்லை, தெருவெல்லாம் கொண்டாட்டம்.

மெல்கியோரி, டாம்ப்ராட், மேகர். இந்த 3 பெயர்களும் அடுத்த வருஷம் ஒரே வழக்குச் செய்தியில் மறுபடி சேர்ந்து வரும்.

பாயிண்ட் ஷேவிங்னா என்ன?

நம்ம ஊர் ஆட்களுக்கு ஃபிக்ஸிங் புதுசில்லை. 2000-ல் டெல்லி போலீஸ் வெளியிட்ட ஹான்சி குரோனியே விவகாரமும், 2013 ஐ.பி.எல். சூதாட்ட விவகாரத்தின் தொடர்ச்சியாக சென்னை சூப்பர் கிங்ஸ் 2 வருஷம் வெளியே உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கும். இது அதைவிட நுட்பமானது.

பலமான டீமும் பலவீனமான டீமும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதில் பந்தயம் கட்ட சுவாரசியம் இல்லை. அதனால் புக்கிகள் ஒரு வித்தியாசத்தை நிர்ணயித்தார்கள். உதாரணமாக சிட்டி காலேஜ் 10 பாயிண்டுக்கு மேல் ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6 பாயிண்டில் ஜெயித்தால், எதிர் டீம் மேல் காசு கட்டியவனுக்கு லாபம். இப்போது வீரரிடம் வரும் சூதாடி என்ன கேட்பான்? தோற்கச் சொல்ல மாட்டான். ஜெயிச்சுக்கோ, கொஞ்சம் கம்மியா ஜெயின்னுதான் கேட்பான். டீமுக்கு நஷ்டமில்லை, கல்லூரிக்கு நஷ்டமில்லை, பையில் 1,000 டாலர். 19 வயசுப் பையனுக்கு இது துரோகமாகவே தோன்றாது. அங்கேதான் வலை விழுந்தது.

அதுவும் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 18,000 பேர்வரை டிக்கெட் வாங்கினார்கள். அந்தக் காசு கார்டனுக்கும் கல்லூரிகளுக்கும் போனது. ஆடியவனுக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. இது தப்பை நியாயப்படுத்தாது. ஆனால் தப்பு ஏன் அவ்வளவு சுலபமாக நடந்தது என்று புரியவைக்கும்.

1951 ஜனவரியில் மன்ஹாட்டன் காலேஜின் ஜூனியஸ் கெல்லாக் தன்னிடம் லஞ்சம் பேசியதைப் புகார் செய்தார். அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகன் நூலைப் பிடித்துப் போனபோது சால்வடோர் சொலாஸோ என்ற நகை வியாபாரி சிக்கினார். அங்கிருந்து சிட்டி காலேஜ். மிசோரி, அரிசோனா, பாஸ்டன் காலேஜ் ஆட்டங்களில் காசு வாங்கியதை வீரர்கள் ஒப்புக்கொண்டார்கள். சில நாட்களில் ஃபிளாய்ட் லேனும் கைதானார். அவர் வாங்கிய பணத்தில் 2,890 டாலர் வீட்டுப் பூந்தொட்டிக்குள் இருந்தது. ஏறக்குறைய முழுத்தொகையும் அப்படியே. செலவு செய்யக்கூடத் தெரியாத பையன். மொத்தம் 7 சிட்டி காலேஜ் வீரர்கள் மாட்டினார்கள், சிலர் கோப்பை வாங்கிய சீசனிலேயே சில ஆட்டங்களில் காசு வாங்கியிருந்தார்கள்.

இது நியூயார்க்கின் நோய் மட்டும்தான் என்று நாட்டின் மற்ற பகுதிகள் நினைத்துக்கொண்டன. அக்டோபரில் கென்டக்கி வீரர்களும் கைதானபோது அந்தப் பேச்சு அடங்கியது. 7 கல்லூரிகள், 30-க்கும் மேற்பட்ட வீரர்கள். மெல்கியோரி 1951 என்.பி.ஏ. டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானவர். அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, வாழ்நாள் தடை. சிட்டி காலேஜ் வீரர்களில் உண்மையில் ஜெயிலுக்குப் போனவர் எட் வார்னர் மட்டும். அல் ராத்துக்கும் அதே 6 மாதத் தண்டனைதான், ஆனால் ராணுவத்தில் சேர்ந்து தப்பித்தார். வார்னர் கறுப்பினத்தவர், ராத் வெள்ளையர். இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஹோல்மன் என்ன ஆனார்?

அவர் காசு வாங்கினார் என்று யாரும் சொல்லவில்லை, வாங்கவும் இல்லை. ஆனால் விசாரணையில் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அட்மிஷன் மார்க் போதாத சில வீரர்களின் பள்ளிச் சான்றுகள் திருத்தப்பட்டிருந்தன. மார்க்தான் எல்லாம் என்று பெருமை பேசிய கல்லூரிக்கு லஞ்சத்தைவிட இது பெரிய அடி.

1952 நவம்பரில் ஹோல்மன் சஸ்பெண்ட். பாபி சாண்டும் கூடவே. கடமை தவறினார், ஆசிரியருக்குத் தகாத நடத்தை என்பவை குற்றச்சாட்டுகள். 1954-ல் உயர்கல்வி வாரியம் அவரை வேலையை விட்டே நீக்கியது. அவர் மேல்முறையீடு செய்தார். அதே வருஷம் மாநிலக் கல்வி ஆணையர் நீக்கம் செல்லாது என்று சொல்லி, நின்றுபோன சம்பளத்தோடு திரும்ப வேலையில் சேர்க்க உத்தரவிட்டார். சட்டப்படி முழு வெற்றி.

தன் வீரர்கள் சூதாடிகளிடம் காசு வாங்கியது தனக்குத் தெரியவே தெரியாது என்பதில் அவர் கடைசிவரை உறுதி. நம்பலாம். அவரைப் போல விலகி நின்ற ஒருவருக்குத் தெரியாமல் போக வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரு பாஸ் 1 அங்குலம் தள்ளிப் போனால்கூடக் கண்டுபிடிக்கும் கண், வேண்டுமென்றே தவறவிட்ட பாஸைக் கவனிக்கவில்லையா என்ற கேள்வியை அவர் வீரர்களில் சிலரே வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தவருக்குப் பழைய டீம் கிடைக்கவில்லை. கல்லூரி பெரிய போட்டிகளிலிருந்து விலகிவிட்டது, கார்டனில் ஆடுவதும் நின்றது. 1960-ல் ஓய்வு பெற்றார். 400-க்கும் மேற்பட்ட வெற்றிகள். 1964-ல் ஹால் ஆஃப் ஃபேம். 1949-லேயே இஸ்ரேல் போய் அங்கே பேஸ்கட்பால் சொல்லிக்கொடுத்தவர், வயதான காலத்தில் அந்த நாட்டு விளையாட்டுக்கு நிதி திரட்டும் அமெரிக்க அமைப்பின் தலைவராகவும் இருந்தார்.

1974-ல் சிட்டி காலேஜ் புது கோச்சைத் தேடியது. தேர்வானவர் ஃபிளாய்ட் லேன், அந்தப் பூந்தொட்டிப் பையன். தடைக்குப் பிறகு பிராங்ஸில் சின்னப் பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துவந்தவர் (என்.பி.ஏ. நட்சத்திரம் டைனி ஆர்ச்சிபால்ட் அவர் கைவளர்ப்பு). ஹோல்மன் உட்கார்ந்த அதே நாற்காலியில் 14 வருஷம் இருந்தார்.

ஹோல்மன் 1995 பிப்ரவரி 12 அன்று பிராங்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இறந்தார். வயது 98. சிட்டி காலேஜ் இப்போது மூன்றாம் டிவிஷனில் ஆடுகிறது. அதன் ஜிம்முக்கு அவர் பெயர்தான்.