படம் பேசியது!
பாரதியார் கண்ட புது வழி

பாரதியார் என்றதும் அவருடைய பாட்டுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அவர் படத்தாலும் பேசியவர். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு வழி வகுத்தவர் அவரே.

கடையத்து மருமகன்

பாரதியார் 1882-ம் ஆண்டு டிசம்பர் 11-ந் தேதி எட்டயபுரத்தில் பிறந்தார். மனைவி செல்லம்மாளுக்கு ஊர் கடையம். வீரகேரளம்புதூரும் கடையமும் இன்று ஒரே தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. ஆகவே, இந்தப் பக்கத்து மக்களுக்குப் பாரதியார் மருமகன் முறை!

நூற்றுக்கு ஐந்து பேர்

1906-ம் ஆண்டு சென்னையில் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பாரதியார் அதை நடத்தினார்.

அப்போது நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 1901-ம் ஆண்டு கணக்குப்படி, இந்தியா முழுவதிலும் நூற்றுக்குச் சுமார் 5 பேர்தான். மற்ற 95 பேருக்கும் நாட்டு நடப்பை எப்படிச் சொல்வது?

பாரதியார் ஒரு வழி கண்டார். பத்திரிகையில் படம் போட்டார். எழுத்துத் தெரியாதவருக்கும் படம் புரியும் அல்லவா?

லண்டனில் "பஞ்ச்" என்ற பத்திரிகை 1841-ம் ஆண்டிலேயே இப்படிப் படம் போட்டு அரசியல்வாதிகளைக் கேலி செய்தது. தமிழுக்கு அது புதிது.

யோசனை அவருடையது

பாரதியார் ஓவியர் அல்ல. யோசனை அவருடையது, வரைந்தது வேறு கை. படத்தோடு விளக்கமும் இருக்கும். படிக்கத் தெரிந்த ஒருவர் அதை வாசித்தால் போதும். சுற்றி இருப்பவர்கள் படத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

மக்கள் பஞ்சத்தில் வாடும்போது தானியம் கப்பல் ஏறிப் போகும் கொடுமை, சுதேசிப் பொருளின் பெருமை, 1907-ம் ஆண்டு சூரத் காங்கிரசில் ஏற்பட்ட பிளவு ஆகியவை எல்லாம் அந்நாளின் பெரிய பேச்சு. பாட்டி சொன்ன கதைகளும் புராணக் கதைகளும் அரசியலை விளக்க உதவின. கதை தெரிந்தவருக்குக் கருத்தும் தெரிந்தது.

புதுச்சேரிக்குப் போனார்

ஆங்கில அரசு சும்மா இருக்குமா? 1908-ம் ஆண்டு "இந்தியா" மீது அடக்குமுறை பாய்ந்தது. ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறைக்குப் போனார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

அந்த ஆண்டே அங்கிருந்து "இந்தியா" மீண்டும் வந்தது. படங்களும் வந்தன! ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் பத்திரிகை நுழைய அரசு தடை போட்டது. வாசகர்களிடம் போய்ச் சேராத பத்திரிகை எத்தனை நாள் நடக்கும்? 1910-ம் ஆண்டு மார்ச் மாதம் நின்றுபோனது.

படங்களுக்கென்றே "சித்ராவளி" என்று ஒரு பத்திரிகை நடத்தவும் பாரதியார் திட்டமிட்டார். அந்த ஆசை நிறைவேறவில்லை.

மாமனார் ஊரில்

1918-ம் ஆண்டு நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். கடலூர் அருகே கைதானார். விடுதலை ஆனதும் கடையம் வந்து சேர்ந்தார். 1920 வரை அங்கே வாழ்ந்தார். பிறகு சென்னை சென்று "சுதேசமித்திர"னில் வேலை பார்த்தார். 1921-ம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். வயது 38தான்.

"இந்தியா"வில் வந்த படங்களை ஆராய்ச்சியாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி தேடித் தொகுத்தார். 1994-ம் ஆண்டு அவை புத்தகமாக வந்தன. தடை போட்ட அரசு போய்விட்டது. படங்கள் நம்மிடம் இருக்கின்றன.