இந்தூரில் உருவான மட்கு உரம்: ஆல்பர்ட் ஹோவர்ட் யார்? இந்திய விவசாயிகளிடம் அவர் கற்றது என்ன?

இந்தூர் என்றதும் இப்போது நினைவுக்கு வருவது தூய்மை நகரப் பட்டியலும் அதில் அந்த ஊர் தொடர்ந்து பிடிக்கும் முதலிடமும்தான். ஆனால் உலகம் முழுக்க இயற்கை விவசாயம் செய்பவர்களுக்கு அந்தப் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பழக்கம். காய்ந்த சருகையும் சாணத்தையும் அடுக்கி, 3 மாதத்தில் நல்ல உரமாக மாற்றும் முறைக்கு 'இந்தூர் முறை' என்றுதான் பெயர். அதை உருவாக்கியவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். விவசாயம் சொல்லித்தர வந்து, கற்றுக்கொண்டு திரும்பியவர்.

எங்கிருந்து வந்தார்?

1873 டிசம்பர் 8 அன்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் ஹோவர்ட். கேம்பிரிட்ஜில் படித்தார். பிறகு மேற்கிந்தியத் தீவுகளில் பயிர்களைத் தாக்கும் பூஞ்சை நோய்களை ஆராயும் வேலை. அங்கேதான் அவருக்கு ஒரு சங்கடம் தோன்றியது. விவசாயிக்கு ஆலோசனை சொல்லும் தன்னிடம், அதைச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டு நிலம்கூட இல்லையே என்பதுதான் அது.

1905-ல் அந்த நிலம் கிடைத்தது. கர்சன் பிரபு காலத்தில் பிகாரின் பூசாவில் தொடங்கப்பட்ட வேளாண் ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளராகச் சேர்ந்தார். இன்று டெல்லியில் 'பூசா' என்று அழைக்கப்படும் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் இதுதான். 1934 பிகார் நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சேதமடைந்த பிறகே அது டெல்லிக்கு மாறியது.

பூசாவில் என்ன நடந்தது?

சுற்றியிருந்த கிராமத்து வயல்களில் பூச்சிக்கொல்லியும் இல்லை, மூட்டை உரமும் இல்லை. ஆனாலும் பயிர்கள் பெரும்பாலும் நோயில்லாமல் இருந்ததைக் கவனித்தார் ஹோவர்ட். உள்ளூர் விவசாயிகளையும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டார். பூச்சி வந்தால் அதைக் கொல்வதற்கு முன், மண்ணில் எது தப்பு என்று பார்க்க வேண்டும் என்பது அவர் வந்து சேர்ந்த முடிவு.

இதில் அவர் தனியாள் இல்லை. மனைவி கேப்ரியல், கேம்பிரிட்ஜில் ஒளிச்சேர்க்கை குறித்து முக்கியமான ஆய்வு செய்தவர். 1905-ல் பம்பாயில் இருவருக்கும் திருமணம் நடந்தது. கோதுமை ரகங்களை உருவாக்குவதில் தொடங்கி பல ஆய்வுகளை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். ஆனால் அவருக்கு அரசுப் பதவி கிடைக்கப் பல வருடங்கள் ஆயின. இன்றும் 'ஹோவர்ட்' என்றால் ஆல்பர்ட் மட்டும்தான் பேசப்படுகிறார்.

ஏன் இந்தூர்?

பூசாவில் தாவரம், பூச்சி, பூஞ்சை, மண் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துறை. ஒரு செடியின் பிரச்னையை இப்படித் துண்டு துண்டாகப் பார்க்க முடியாது என்பது ஹோவர்டின் வாதம். 1924-ல் இந்தூரில் புதிதாகத் தொடங்கிய தாவர ஆய்வு நிறுவனத்துக்கு இயக்குநராகப் போனார். பணம் முக்கியமாகப் பருத்திக் குழுவிடமிருந்து வந்தது. நிலம் ஹோல்கர் சமஸ்தானம் கொடுத்தது.

அங்கே இருந்தது கரிசல் மண். மழையில் சேறாகி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். இதைத் திருத்த நிறைய எரு வேண்டும். ஆனால் சாணத்தில் பெரும்பங்கு வறட்டியாகி அடுப்புக்குப் போய்விடும். இருக்கிற கொஞ்ச சாணத்தை வைத்து எப்படி நிறைய உரம் செய்வது? சீன விவசாயிகள் பல நூற்றாண்டுகளாகக் கழிவுகளை மட்கவைத்து நிலத்துக்குத் திருப்பித் தருவதை அமெரிக்க மண்ணியலாளர் எஃப்.எச்.கிங் எழுதியிருந்தார். அதுதான் ஹோவர்டுக்கு வழி காட்டியது.

இந்தூர் முறை எப்படி வேலை செய்கிறது?

சுமார் 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 முதல் 3 அடி ஆழத்தில் குழி. முதலில் சருகு, வைக்கோல், களைச்செடி. அதன்மேல் மெல்லிய அடுக்காகச் சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், கொஞ்சம் அடுப்புச் சாம்பல். தண்ணீர் தெளித்து, மறுபடி அதே வரிசை. தாவரக் கழிவு 3 பங்கு என்றால் சாணம் 1 பங்கு போதும். கடினமான பருத்திமாரை வண்டிப் பாதையில் பரப்பிவிடுவார்கள். சக்கரம் ஏறி ஏறி அது நொறுங்கிவிடும்.

அடுத்து நுண்ணுயிர்களின் வேலை. அவற்றுக்குக் காற்று, ஈரம், உணவு மூன்றும் சரியான அளவில் வேண்டும். காய்ந்த பொருளில் கரிமம் அதிகம், சாணத்தில் தழைச்சத்து அதிகம். தொடக்கத்தில் சுமார் 33-க்கு 1 என்றிருக்கும் இந்த விகிதம், மட்கி முடியும்போது 10-க்கு 1 என்ற அளவுக்கு இறங்கும். நடுவில் குவியல் 60 டிகிரிக்கு மேல் சூடாகும். களை விதைகளில் பெரும்பாலானவை அதிலேயே செத்துவிடும். 2 வாரம், 1 மாதம், 2 மாதம் என மூன்று முறை கிளறினால் 90 நாளில் உரம் தயார். கிளறாமல் விட்டால் காற்று போகாது, நாற்றம்தான் வரும்.

1930-ல் கேப்ரியல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹோவர்ட் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அதே 1931-ல் இந்த முறையை விளக்கும் புத்தகம் வந்தது. அதில் ஹோவர்டோடு பெயர் பகிர்ந்தவர் அங்கே பணிபுரிந்த வேதியியலாளர் யஷ்வந்த் வாட். 1935-ல் காந்தி அந்த நிறுவனத்துக்கே வந்து உரம் தயாரிப்பதைப் பார்த்தார்.

அவர் சொன்னதெல்லாம் சரியா?

இல்லை. மட்கு உரத்தில் வளர்ந்த உணவைச் சாப்பிட்டால் மனிதர்களுக்கும் நோய் குறையும் என்ற அளவுக்குப் போனார். அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. இன்னொரு கணக்கும் உண்டு. யூரியாவில் தழைச்சத்து 46%. மட்கு உரத்தில் பொதுவாக 1 அல்லது 2% தான். அதாவது ஒரு மூட்டை யூரியா தரும் சத்துக்கு வண்டி வண்டியாக மட்கு அடிக்க வேண்டும்.

ஆனால் யூரியாவால் செய்ய முடியாததும் இருக்கிறது. மட்கு சேர்ந்தால் களிமண் பொலபொலவென்று இளகும். மணல் மண் தண்ணீரைப் பிடித்துவைக்கும். மண்புழுவும் நுண்ணுயிரும் பெருகும். தோட்டத்து மண் கெட்டியாகவோ வெறும் மணலாகவோ இருந்தால், முதல் மருந்து இன்றும் மட்கு உரம்தான். வீட்டில் குழி தேவையில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையாத குவியல் இருந்தாலே சூடு பிடிக்கும்.

1947 அக்டோபர் 20 அன்று ஹோவர்ட் இறந்தார். அவர் எழுதிய புத்தகங்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இயற்கை விவசாய இயக்கங்களுக்கு வித்திட்டன. இந்தியாவிலோ அறுவடை முடிந்ததும் வைக்கோலை எரிக்கும் புகை வருடா வருடம் வட மாநிலங்களைச் சூழ்கிறது. ஹோவர்டின் கணக்குப்படி பார்த்தால், அங்கே எரிவது அடுத்த போகத்துக்கான மண்.