வீணை தனம்மாள்

கலைகள் பலவற்றுள்ளும் விரைவில் மறையும் இயல்புடையது இசையே ஆகும். கருங்கல்லிற் செதுக்கிய சிற்பம் மழையையும் வெயிலையும் தாங்கி நூற்றாண்டுகள் பல நிற்கின்றது. ஓலையில் எழுதிய பாட்டு, ஓலை சிதைந்தாலும் படியெடுப்பார் கையால் மீண்டும் பிறக்கின்றது. நரம்பிற் பிறந்த ஒலியோ பிறந்த கணத்திலேயே காற்றோடு கலந்து மாய்ந்து போகின்றது. அவ்வாறு மாயவிருந்த பேரிசை ஒன்றின் சிறு பகுதியேனும் நமக்குக் கிடைத்திருக்கின்றது. அதனை அளித்தவர் வீணை தனம்மாள். அதனை ஏந்திக் காத்தது ஒலிவாங்கி என்னும் சிறு கருவி.

தனம்மாள் 1867-ஆம் ஆண்டில் சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். இசையும் நடனமும் வழிவழியாக வளர்ந்த குடும்பம் அவருடையது. பாட்டியார் காமாட்சியம்மாள் நாட்டியத்தில் வல்லவர். அன்னையார் சுந்தரம்மாள், சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். ஆகவே, பிற பிள்ளைகள் தாலாட்டுக் கேட்டு உறங்கிய பருவத்தில் தனம்மாள் கீர்த்தனங்களைக் கேட்டு உறங்கினார் எனலாம்.

குடும்பச் செல்வமாகக் கிடைத்ததோடு அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம் பயின்றார். கண்பார்வையற்ற இசைவாணராகிய பாலதாஸ் நாயுடுவிடம் பாடம் கேட்டார். ஜாவளிகள் இயற்றிப் புகழ்பெற்ற தருமபுரி சுப்பராயர் அவரிடத்துப் பெருமதிப்புக் கொண்டிருந்தார். இங்ஙனம் பல ஊற்றுக்களினின்றும் வந்த நீர் ஒரே குளத்தில் நிறைந்ததுபோல், தனம்மாளிடத்தில் அரிய பாடல்கள் பல வந்து சேர்ந்தன.

அவர் வாசிப்பின் சிறப்பு யாது? அது மென்மையே. வீணை வாசிப்போர் பலர் விரலில் கம்பிச் சுற்று அணிந்து நரம்பை மீட்டுவர். அதனால் ஒலி உரத்து எழும். தனம்மாளோ வெறும் விரலாலேயே மீட்டினார். வாசித்துக்கொண்டே தாழ்ந்த குரலிற் பாடவும் செய்வார். எது குரல், எது நரம்பு என்று பிரித்தறிய இயலாதவாறு இரண்டும் ஒன்றி ஒலிக்கும். விரைவும் ஆரவாரமும் அவர் இசையில் இல்லை. பதம் ஒன்றை வாசித்தால், பூ இதழ் அவிழ்வதுபோல் ஒவ்வொரு சொல்லும் மெல்ல மெல்ல அவிழும்.

வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் தம் இல்லத்திலேயே வீணை வாசிப்பது வழக்கம். பெரும் வித்துவான்களும் இசையறிந்த செல்வர்களும் அங்கே வந்து தரையில் அமர்ந்து கேட்பர். அக்கூடத்தில் பேச்சொலி எழாது. சிறு சலசலப்பும் அந்த நுண்ணிசையைக் கெடுத்துவிடும் என்பதை வந்தோர் அனைவரும் அறிந்திருந்தனர். ஒருவர் கொடுப்பதற்கும் மற்றவர் பெறுவதற்கும் இடையே அமைதி என்னும் பாத்திரம் வேண்டும் என்பதை அவ்வீடு உலகுக்குக் கற்பித்தது.

பிற்காலத்தில் தனம்மாளின் கண்ணொளி மங்கியது. பொருள் முடையும் அவரை வருத்தியது. எனினும், பெரிய மண்டபங்களின் கைதட்டலை நாடி அவர் தம் இசையை உரத்ததாக மாற்றிக்கொள்ளவில்லை. தம் கலைக்கு எது தகுமோ அதனையே செய்தார். வறுமை வந்த காலத்தும் தரம் தாழாமை சான்றோர் இயல்பன்றோ!

இனி, அவ்விசை எவ்வாறு இசைத்தட்டில் ஏறிற்று என்பதைக் காண்போம். நம் நாட்டில் 1902-ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிவு செய்தார். அக்காலத்தில் ஒலிப்பதிவுக்கு மின்சாரம் பயன்படவில்லை. பெரிய ஊதுகுழல் போன்ற கூம்பு ஒன்றினுள் பாடகர் முகத்தை நீட்டி உரக்கப் பாடுவார். அவ்வொலியின் விசையே மெல்லிய தகடொன்றை அதிரச் செய்யும். அவ்வதிர்வு மெழுகுத் தட்டில் கோடாகப் பதியும். உரத்த குரலுடையார்க்கு அம்முறை ஏற்றது. நரம்புக் கருவிகளின் மெல்லொலியோ அக்கூம்பினுட் சென்று தேய்ந்து போகும். மேனாட்டார் இக்குறையை நீக்க வயலினுக்கே ஒரு கூம்பைப் பொருத்தி வாசித்தனர். தனம்மாளின் வீணை போன்ற நுண்ணிசைக்கு அக்கூம்பு ஒரு செவிட்டுக் காதாகவே இருந்திருக்கும்.

ஒலியை மின்னோட்டமாக மாற்றும் கருவியை 1877, 1878-ஆம் ஆண்டுகளில் எமில் பெர்லினர், எடிசன், ஹியூஸ் ஆகியோர் தனித்தனியே ஆராய்ந்து உருவாக்கினர். இதனையே மக்கள் மைக் என்று வழங்குகின்றனர். தொலைபேசிக்கு முதலில் உதவிய அது, 1925-ஆம் ஆண்டளவில் இசைத்தட்டுப் பதிவிலும் இடம்பெற்றது. மெல்லிய ஒலியையும் மின்னாற்றலால் பெருக்கிப் பதிக்கலாம் என்ற நிலை பிறந்தது. அதன் பின்னரே, 1932-ஆம் ஆண்டில், தனம்மாளின் வாசிப்பைக் கொலம்பியா நிறுவனத்தார் பதிவு செய்தனர். அப்போது அவருக்கு வயது அறுபத்தைந்து.

அந்நாளைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்கில் விரியும் இசையை அம்மூன்று நிமிடத்தில் அடக்க வேண்டும். பிழை நேர்ந்தால் அதனை மட்டும் திருத்த வழியில்லை. மெழுகுத் தட்டை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்தே வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆறாகப் பெருகிய இசையில் ஒரு கையளவு நீரே அத்தட்டுகளில் தங்கிற்று. ஆயினும் அதுவும் இன்றேல், அவர் வாசிப்பு எவ்வாறிருந்தது என்பதை நாம் பிறர் சொல்லக் கேட்டே அறிய நேர்ந்திருக்கும்.

சென்னை வானொலி நிலையம் 1938-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் தொடங்கப் பெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் தனம்மாள் இயற்கை எய்தினார். ஒலிவாங்கியின் காலம் முழுமையாக மலர்ந்த வேளையில் அவர் விரல்கள் ஓய்ந்தன. ஆனால் அவர் மரபு ஓயவில்லை. பேர்த்தியராகிய பிருந்தாவும் முக்தாவும் அவருடைய பதங்களைப் பாடிப் பரப்பினர். மற்றொரு பேர்த்தியாகிய பாலசரஸ்வதி பரதநாட்டியத்தில் உலகப்புகழ் பெற்றார். பேரர் விசுவநாதன் புல்லாங்குழலிலும் ரங்கநாதன் மிருதங்கத்திலும் சிறந்து, கடல் கடந்தும் நம் இசையைக் கற்பித்தனர். இந்திய அஞ்சல் துறை 2010-ஆம் ஆண்டில் தனம்மாளின் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டுச் சிறப்பித்தது.

மாணவர்களே! இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் வானாய்வு நிலையம் ஒன்று உண்டு. நகர விளக்குகளின் ஒளி படாத இருளை நாடியே அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்தார். 1986-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. மங்கிய விண்மீனைக் காண இருள் வேண்டும். அதுபோல மெல்லிய இசையைப் பதிக்க அமைதி வேண்டும். கருவி எத்துணை உயர்ந்ததாயினும், அதனை வைக்கும் இடம் தகாததாயின் பயனில்லை.

அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரிடத்தும், நம் ஊர் ஒவ்வொன்றிலும் உள்ள முதியோரிடத்தும் ஏட்டில் ஏறாத பாடல்கள் உள்ளன. அன்று கொலம்பியா போன்ற நிறுவனத்தாரிடம் மட்டுமே இருந்த வசதி இன்று உங்கள் வீட்டுக் கைபேசியிலேயே இருக்கின்றது. உங்கள் பாட்டியார் பாடும் தாலாட்டையோ நடவுப் பாட்டையோ நீங்களே பதிவு செய்யலாம். அதற்கு முறை அறிந்து செயற்பட வேண்டும்.

முதற்கண் அவர் இசைவைப் பெறுக. பின்னர்க் கதவு சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்துக. வெறுஞ்சுவரிற் பட்ட ஒலி எதிரொலித்துக் குழப்பும். ஆதலால் அறையில் பாயும் போர்வையும் விரித்திருப்பின் நன்று. ஒலிவாங்கியைப் பாடுவோர்க்கு ஏறத்தாழ ஒரு முழத் தொலைவில் வைக்க. தொலைவு இருமடங்காயின் நேரே வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். அறையின் இரைச்சலோ குறையாது. மிக நெருங்கினாலும் மூச்சுக்காற்று மோதி ஒலி சிதறும். ஆகவே வாய்க்கு நேரே வையாது சற்றே பக்கமாக வைத்தல் வேண்டும். வீணையாயின், குடத்தின் மேற்பலகையை நோக்கி வைக்க. நரம்பை ஒட்டி வைப்பின் விரல் உராயும் ஓசையே மிகும். மேசையின் அதிர்வு ஏறாதவாறு கருவியின் கீழ் மடித்த துணி ஒன்றை இடுக. கைபேசியாயின் அதன் ஒலி புகும் துளையைக் கையால் மறைக்கலாகாது. சிறிது பதிந்து கேட்டுப் பார்த்து, குறையிருப்பின் இடத்தை மாற்றி மீண்டும் பதிக. இறுதியில் பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறித்து வைக்க. பெயரற்ற ஒலி பின்னாளில் ஊரற்ற அனாதையாகிவிடும்.

தனம்மாள் தம் இசையை உலகுக்கு ஏற்பப் பெரிதாக்கவில்லை. கேட்போர்தாம் அவர் இசைக்கு ஏற்ப அமைதியாயினர். ஒலிவாங்கியை அமைப்போர்க்கும் அதுவே விதி. பாடுவோரை உரக்கப் பாடுக என்று வருத்தாது, நாம் அருகிற் சென்று, அமைதி காத்து, பணிந்து கேட்டல் வேண்டும். கேட்கத் தெரிந்தவர் உள்ளவரையில் மெல்லிய குரலும் அழிவதில்லை.