வானில் எல்லை கண்டவர்

வானைப் பாடாத புலவர் இல்லை. அதனை அளந்தறிய முயன்றோர் மிகச் சிலரே. அச்சிலருள்ளே பிரான்சு நாட்டு லியோன் தெசெரங் த போர் என்பாரை யான் தலையாயவராக மதிக்கின்றேன்.

1855 இல் பாரிசு நகரிற் பிறந்த இவர், அமைச்சராயிருந்த ஒருவரின் மைந்தர். அரசினரின் வானிலை நிலையத்திற் பணிபுரிந்தவர், 1896 இல் அதனை நீங்கித் திராப் என்னும் ஊரிலே தனியார் ஆய்வுநிலையம் ஒன்றை நிறுவினார். பாரமானியும் வெப்பமானியும் கட்டிய பலூன்களை ஆளின்றி விண்ணிலே விடுத்தல் அங்கு நடந்த தொழில். புகைக்கரி பூசிய உருளையிற் கருவி தானே கோடிட்டுவரும். பலூன் எங்கோ விழும். கண்டெடுத்தோர் திருப்பி அனுப்பினால் உண்டு, இல்லையேல் இல்லை.

மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும் என்பது அக்கால அறிஞர் துணிபு. கருவிகளோ, ஏறத்தாழ 11 கிலோமீற்றருக்கு மேல் வெப்பநிலை குறையவில்லை என்றன. வேறொருவராயின் அன்றே முரசறைந்திருப்பர். இவர் தம் கருவிகளையே ஐயுற்றார். ஞாயிற்றின் கதிர் வெப்பமானியைச் சுட்டதோ எனக் கருதி, இரவிலே பலூன்களை விடுத்தார். கோடையிலும் பனிக்காலத்திலும் விடுத்தார். 236 பலூன்கள் சென்ற பின்னரே, 1902 ஏப்பிரல் 28 இல், பாரிசு விஞ்ஞானக் கழகத்திற்குத் தம் முடிபை அறிவித்தார். அவ்வெல்லை நிலையானதன்று, தாழமுக்கத்தின் மேல் 10 கிலோமீற்றரளவிலும், உயரமுக்கத்தின் மேல் 12.5 கிலோமீற்றரளவிலும் நிற்கும் என்பதையும் உடன் உரைத்தார்.

மூன்றே நாளில், மே 1 இல், றிச்சாட் அசுமான் என்பார் இறப்பர்ப் பலூன்கள் கொண்டு கண்ட அதே முடிபைப் பேர்லினில் வெளியிட்டார். ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருந்தவர் மேலும் நான்கு நாள் பொறுத்திருப்பின், முதன்மை பிறர்பாற் சென்றிருக்கும்!

பின்னர், அமெரிக்க அறிஞர் றொச் என்பாருடன் சேர்ந்து, ஒற்றாரியா என்னும் நீராவிக் கப்பலை அத்திலாந்திக்கு மாகடலுக்கு அனுப்பி ஆய்வு நடத்தினார். நடுக்கோட்டை அண்டிய வானில் அவ்வெல்லை மிக உயர்ந்திருப்பது அங்ஙனம் புலனாயிற்று. இலங்கை வானிலும் அது 16, 17 கிலோமீற்றர் உயரத்திலுள்ளது.

1908 இல் இரு மண்டலங்களுக்கும் அவர் பெயரிட்டார். கீழதன் பெயர் மாறுதல் குறித்த கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அதனையே நாம் மாறன்மண்டலம் என்கின்றோம். பாண்டியனுக்கும் இதற்கும் என்ன உறவென்று வினவும் மாணவர் இதனை மனங்கொள்க. மேலது படைமண்டலம், ஈண்டுப் படை என்பது அடுக்கு, சேனையன்று.

1913 சனவரி 2 இல் கான் நகரில் அவர் காலமானார். ஞாயிற்றின் புறவூதாக் கதிரை ஓசோன் கவர்ந்து அம்மண்டலத்தை வெப்பமூட்டுகின்றது என்பது அவர் மறைந்த பின்னரே தெளிவாயிற்று.